தேர்வுக்கு முன் வரும் படபடப்பு நல்லதா, கெட்டதா?

 

மார்ச் மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு தனி அமைதி வந்துவிடுகிறது. டிவி சத்தம் குறைகிறது. விருந்தினர் வருவதில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு அந்தப் பிள்ளை, "வயிறு என்னமோ பண்ணுது, கையெல்லாம் ஜில்லுனு இருக்கு" என்று சொன்னால், நாம் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பயப்படாதே, ஒன்றும் ஆகாது."

இந்தப் பதிலால் பிள்ளையின் பயம் போய்விடுகிறதா? பெரும்பாலும் இல்லை. பயப்படக் கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளைக்குப் பயத்தோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி நடுங்குகிறது, என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறதோ" என்பதே அந்தக் கவலை. ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். முக்கியமான காரியத்துக்கு முன் வரும் படபடப்பு நோயும் அல்ல, பலவீனமும் அல்ல. உடல் வேலைக்குத் தயாராகிவிட்டது என்பதன் அடையாளம் அது. அளவோடு இருந்தால் அதனால் நன்மையே உண்டு. அந்த நன்மை என்ன, அளவு எது, அளவு மீறினால் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தது போல இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரீனல் சுரப்பிகள் என்று பெயர். எதிரே ஒரு சவால் இருக்கிறது என்று மூளை முடிவு செய்தவுடன், இந்தச் சுரப்பிகள் அட்ரீனலின் என்ற பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. நாம் படபடப்பு என்று சொல்வதெல்லாம் இதிலிருந்து தொடங்குகிறது.

இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகளுக்கும் மூளைக்கும் இரத்தம் தட்டாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. மூச்சு வேகமாகிறது, கூடுதல் பிராணவாயு வேண்டும் என்பதற்காக. கல்லீரல் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை வெளியே விடுகிறது; அது எரிபொருள். கண்ணின் பாவை விரிகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டைச் செரிப்பது அவசர வேலை இல்லை என்பதால் வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைக்கப்படுகிறது. வயிற்றைப் பிசைவது போல இருப்பதும், வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்ட்டர் கேனன். பூனைகளின் செரிமானத்தை எக்ஸ்ரே கருவி கொண்டு பார்த்துக்கொண்டிருந்த அவர், பூனை மிரண்டால் அதன் வயிற்றின் அசைவு நின்றுவிடுவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பு அவரை மேலும் ஆராயத் தூண்டியது. வலி, பசி, பயம், கோபம் ஆகிய நேரங்களில் உடல் எப்படி மாறுகிறது என்று 1915-இல் ஒரு நூல் எழுதினார். எதிர்த்து நிற்க அல்லது தப்பி ஓட உடல் தன்னைத் தயார் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்பது அவர் கண்ட முடிவு.

நம் பிள்ளை தேர்வறையில் யாரோடும் சண்டை போடப் போவதில்லை, ஓடவும் போவதில்லை. ஆனால் உடலுக்குத் தெரிந்தது இந்த ஓர் ஏற்பாடுதான். சிங்கம் வந்தாலும் இதே, கணக்குப் பரீட்சை வந்தாலும் இதே. அந்தச் சக்தி உள்ளே வந்துவிட்ட பிறகு அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

படபடப்பு தரும் நன்மைகள்

முதல் நன்மை, அது நம்மை உட்கார வைக்கிறது. தேர்வு பற்றி எந்தக் கவலையும் இல்லாத பிள்ளை புத்தகத்தைத் திறப்பதில்லை. "ஐந்தாம் பாடத்தில் கேட்டுவிட்டால் என்ன செய்வது" என்று நெஞ்சு திக்கென்றால்தான் ஐந்தாம் பாடத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் சான்றிதழ்களை இரண்டு முறை சரிபார்ப்பதும், பஸ் தாமதமாகலாம் என்று அரை மணி நேரம் முன்பே கிளம்புவதும் இந்தக் கவலையால்தான்.

இரண்டாவது நன்மை, கவனம் கூர்மையாகிறது. மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுப் பேச்சு, செல்போன் சத்தம் என்று நூறு பக்கம் ஓடும் மனம், அந்த மூன்று மணி நேரம் வினாத்தாளில் நிற்கிறது.

மூன்றாவது, அந்தக் காரியம் நமக்கு முக்கியம் என்பதை அது காட்டுகிறது. நமக்குப் பொருட்டில்லாத ஒன்றுக்காக யாருக்கும் கை நடுங்குவதில்லை. படபடக்கும் பிள்ளை அக்கறையுள்ள பிள்ளை.

உயர்ந்த இடத்தைத் தொட்டவர்களுக்கும் இது விலக்கல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியில் 13 பருவங்கள் ஆடி 11 முறை கோப்பை வென்ற பில் ரஸ்ஸல், முக்கியமான ஆட்டங்களுக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பவராக அறியப்பட்டவர். உடை மாற்றும் அறையில் அந்தச் சத்தம் கேட்டால், இன்று அவர் நன்றாக ஆடுவார் என்று அணித் தோழர்கள் எடுத்துக்கொள்வார்களாம்.

எவ்வளவு படபடப்பு தேவை?

1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் எது சரியான பெட்டி என்று எலி கற்றுக்கொள்ள வேண்டும். தவறான பெட்டிக்குள் போனால் இலேசான மின்னதிர்ச்சி. பெட்டிகளின் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக் கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தபோதோ நடுத்தரமான அதிர்ச்சிதான் நல்ல பலன் தந்தது. அது அதிகமானபோது எலிகள் குழம்பின.

எலிக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பின்னால் வந்த உளவியலாளர்கள் இந்தச் சோதனையிலிருந்து எடுத்துக்கொண்ட கருத்து நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கறிக்கு உப்பு போலத்தான் இது. இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும், அதிகமானால் வாயில் வைக்க முடியாது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. எளிதான வேலையை எவ்வளவு படபடப்போடும் செய்துவிடலாம். கடினமான வேலையைத்தான் அது கெடுக்கிறது. ஒரு வேலை எப்போது எளிதாகிறது? பலமுறை செய்து பழகும்போது. பத்து முறை போட்டுப் பார்த்த கணக்கைக் கை நடுங்கினாலும் போட்டுவிடலாம். முதல் முறையாகப் பார்க்கும் கணக்கில்தான் மூளை நின்றுபோகிறது. ஆகவே படபடப்பைக் குறைக்க ஆசைப்படுகிறவர் செய்ய வேண்டியது, பழைய வினாத்தாள்களை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, தேர்வறையில் எழுதுவது போலவே எழுதிப் பார்ப்பது. மனசுக்குள் படித்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

வாயடைத்து நின்ற வழக்கறிஞர்

1891-இல் இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று ஓர் இளைஞர் இந்தியா திரும்பினார். பம்பாயில் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் அவருக்கு முதல் வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன்னால் முடியாது, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

அந்த இளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. தன் வரலாறான சத்திய சோதனையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

1893-இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனத்துக்காக அவர் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே பிரிட்டோரியா நகரில், பெரும்பாலும் மேமன் முஸ்லிம் வணிகர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசினார். தன் வாழ்நாளின் முதல் பொதுப்பேச்சு என்று அதைக் குறிப்பிடுகிறார். வியாபாரத்தில் உண்மை பேசுவதைப் பற்றியது அந்தப் பேச்சு. பம்பாயில் வாய் திறக்க முடியாதவர் அங்கே பேசிவிட்டார். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போயிருந்தார் என்பதையும் அவரே சொல்கிறார்.

கூச்சம் அவரை முழுவதுமாக விட்டுப் போய்விடவில்லை. ஆனால் அதே கூச்சம்தான் சொற்களை அளந்து பேசக் கற்றுத் தந்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். ஒரு காலத்தில் குறையாகத் தெரிந்தது பின்னால் பயனாக மாறியது.

பெயரை மாற்றினால் பலன் மாறும்

பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடலில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பெருநாள் காலையில் சிறு பிள்ளைக்கு நெஞ்சு துடிப்பதும், தேர்வு நாள் காலையில் அண்ணனுக்கு நெஞ்சு துடிப்பதும் ஒரே துடிப்பு. நாம் வைக்கும் பெயர் வேறு.

ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார். மற்றவர்கள் முன் பாடுவது, பேசுவது, கணக்குப் போடுவது ஆகிய மூன்றுக்கும் முன்னால், சிலர் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றும் சிலர் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும்படி அல்லது அவ்வாறு இருக்க முயலும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். உற்சாகம் என்று எடுத்துக்கொண்டவர்களே நன்றாகச் செய்தார்கள். துடிக்கும் நெஞ்சை அடக்கி அமைதியாக்குவது கடினம். அதே துடிப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொள்வது எளிது.

ஜெரமி ஜேமிசன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், "தேர்வின்போது வரும் படபடப்பு மதிப்பெண்ணைக் கெடுக்காது, உதவவும் கூடும்" என்று சொல்லி வைத்தார்கள். மாதிரித் தேர்வின் கணக்குப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பெற்றார்கள். பிறகு எழுதிய உண்மையான தேர்விலும் அந்த வேறுபாடு தெரிந்தது. சொன்னது இரண்டு மூன்று வாக்கியங்கள்தான்!

மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படித்திருக்கிறார்கள். ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது அவர்கள் தம் அச்சத்தை மறைக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கித் தரும்படியும், காரியத்தை எளிதாக்கும்படியும், நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாக ஆக்கித் தரும்படியும் இறைவனிடம் கேட்டார்கள். கேட்டது கொடுக்கப்பட்டது. அச்சம் வந்ததற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. அச்சத்தை வெளியே சொன்னார்கள், உதவி கேட்டார்கள், பிறகு போனார்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லும் பிள்ளையின் வாயை அடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

வீட்டில் உருவாகும் பயம்

இதுவரை சொன்னது தேர்வைப் பற்றிய பயம். நம் வீடுகளில் இன்னொரு பயமும் உண்டு. தேர்வுக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்ற பயம்.

"இந்த மார்க் வரலைன்னா படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ளை பார்த்திடுவோம்" என்று மகளிடம் சொல்லும் வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. "பாஸ் ஆகலைன்னா கடையில வந்து உட்காரு, இல்லைன்னா சவூதிக்குப் போ" என்று மகனிடம் சொல்கிறோம். பெரியத்தா வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க் எடுத்தாள் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் நினைவுபடுத்துகிறோம். பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் சொல்கிறோம்.

ஆனால் இந்தப் பயத்தால் நன்மை இல்லை. தேர்வைப் பற்றிய பயத்துக்கு ஒரு மருந்து உண்டு. படித்தால் அது குறையும். வீட்டைப் பற்றிய பயம் படித்தாலும் குறையாது. தேர்வறையில் உட்கார்ந்து ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் போனால், முதல் வகைப் பிள்ளை அடுத்த கேள்விக்குப் போகும். இரண்டாம் வகைப் பிள்ளையின் மனம் வீட்டுக்குப் போய்விடும். கணக்குப் போட வேண்டிய மூளையின் இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பயத்தை நீக்கப் பிள்ளையால் முடியாது. பெற்றோரால்தான் முடியும். தேர்வுக்கு முன்பே, வாய் திறந்து, "மார்க் எப்படி வந்தாலும் உன் படிப்பு நிற்காது. அடுத்து என்ன என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். தோற்றவர்களுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. பாலிடெக்னிக், ஐடிஐ, கலைக் கல்லூரி என்று வழிகள் இருக்கின்றன. நீட் ஒன்றே வாழ்க்கையின் வாசல் என்று பிள்ளை நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

தேர்வு நாளுக்குச் சில யோசனைகள்

1. முதல் நாள் இரவு தூங்க வேண்டும். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். நோன்பு மாதத்தில் தேர்வு வந்தால் ஸஹருக்கு எழுவதைக் கணக்கில் வைத்து முன்னதாகவே படுக்க வேண்டும். ஸஹரில் தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். அடுத்தடுத்து ஸ்ட்ராங் டீ குடித்தால் படபடப்பு கூடும்.

2. கவலைகளைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை எழுத வைத்தார்கள். அதிகம் பயப்படும் மாணவர்களுக்கு அதனால் மதிப்பெண் கூடியது. எழுதிய தாளை யாரும் படிக்க வேண்டியதில்லை, கிழித்துப் போட்டுவிடலாம்.

3. தேர்வு மையத்தின் வாசலில் "அது படிச்சியா, இது படிச்சியா" என்று கேட்கும் கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கவும்.

4. நெஞ்சு அடித்துக்கொண்டால் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளியே விடவும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்தாறு முறை போதும்.

5. பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க முதலில் பத்து நிமிடம் தருகிறார்கள். அதில் நன்றாகத் தெரிந்த கேள்விகளைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, எழுதுவதை அங்கிருந்து தொடங்கவும். முதல் இரண்டு விடைகளை எழுதி முடிப்பதற்குள் கை நடுக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

6. பெற்றோர் "பயப்படாதே" என்பதற்குப் பதிலாக, "படபடன்னு இருக்கா? இருக்கட்டும், உடம்பு தயாராயிடுச்சுன்னு அர்த்தம். போய் எழுதிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். தேர்வு முடிந்து வந்தவுடன் வினாத்தாளைக் கேட்காதீர்கள், சாப்பாடு கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நன்மை தரும் படபடப்பு வந்து போகும் தன்மையுடையது. காரியம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடம் என்றாலே அழுகை, மூச்சுத் திணறல், எதையும் படிக்க முடியாத அளவுக்கு நடுக்கம் என்று இருந்தால் அது வேறு. "நான் இருந்து என்ன பயன்" என்பது போல ஒரு வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே இருங்கள். அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும், மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன பேசும், நாளைக்குச் சம்பந்தம் பேச வரும்போது சிக்கலாகுமே என்று தயங்குகிறவர்கள் நம்மில் உண்டு. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போன்றதுதான் இதுவும். ஊரின் பேச்சைவிடப் பிள்ளையின் உயிர் பெரிது.

இந்த ஆண்டு தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் நெஞ்சு கொஞ்சம் படபடக்கத்தான் செய்யும். படபடக்கட்டும். அதோடு சேர்ந்தே அவர்கள் தேர்வறைக்குள் போய், தெரிந்ததைத் தெளிவாக எழுதிவிட்டு வரட்டும். அல்லாஹ் அவர்களின் காரியங்களை எளிதாக்கித் தருவானாக, ஆமீன்.